ஒரே ஒரு சுட்டி

"மதிப்பிற்குரிய குப்பி அவர்களே" என்று
தொடங்குகிறது கடிதம்.
குப்பி நானில்லை.
ரத்தக் குப்பிகளில் ஒட்டும் சீட்டை
அச்சடித்துத் தரும் மென்பொருள் அது.
காட்பாடி மாடி அறையில்
கரன்ட் போய்ப் போய் வந்த ஒரு மே மாதத்தில் எழுதி,
மூலநிரலோடு இலவசமாக வெளியே விட்டேன்.
பதினோரு லேப்கள் ஓட்டுவதாகக் கேள்வி.
ஆரணியில் ஒன்று, குடியாத்தத்தில் இரண்டு,
மற்றவை எங்கேயோ.

எழுதியவள் பெயர் மார்த்தா.
என் பதினான்கு பக்க ஆங்கிலக் கையேட்டை
ஒரே மூச்சில் படித்தாளாம், கண் கலங்கியதாம்.
எழுதிய எனக்கே
மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும்.
வங்காளத்தில் பெயர்த்து முடித்துவிட்டாளாம்.
காசு வேண்டாமாம்.
என் பக்கத்திலிருந்து அவள் தளத்துக்கு
ஒரே ஒரு சுட்டி,
அது போதுமாம்.

இந்தக் குரல் எனக்குத் தெரியும்.
காட்பாடி ஜங்ஷனில் விடியற்காலை
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்து
இறங்குகிறவர்களைப் பார்த்து
"தாதா, வாங்க, டாக்டர்கிட்ட நான் பேசித் தரேன்,
காசெல்லாம் வேணாம்" என்று
அவர்கள் பாஷையிலேயே கூப்பிடும் குரல்.
காசு வேண்டாதவன் கூட்டிப்போகும் லாட்ஜில்
எப்போதும் நூறு ரூபாய் கூடுதல்.

ஆனாலும் திறந்து பார்த்தேன்.
லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று
காந்தி ரோடு முழுக்க வங்காளம் தொங்குகிற ஊர்,
எனக்கு ஓர் எழுத்து தெரியாது.
அச்செடுத்துக்கொண்டு
மீன்சோறு போடும் தபனிடம் போனேன்.
கை ஈரத்தைத் துண்டில் துடைத்து வாங்கினான்.
முதல் பக்கத்துக்குச் சிரித்தான்.
"துறைமுகத்தைத் திறக்கணுமாம், அக்கா.
பேயை எழுப்பி உட்கார வைக்கணுமாம்."
அடுத்ததைச் சிரித்துக்கொண்டே
சத்தமாக வங்காளத்தில் வாசித்தான்.
பாதியில் நிறுத்தினான்.

பக்கத்து மேசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி.
நடுவில் மொட்டைத்தலையும் முகமூடியுமாய்
ஐந்து வயது இருக்கும், ஒரு பையன்.
அந்தப் பெண்ணின் கை
சோற்றிலேயே நின்றுவிட்டது.

வெளியே வந்து தமிழில் சொன்னான்:
"குழந்தை செத்தால்
தாயை மறுபடி தொடங்கவும்."

நான் எழுதியதுதான்.
கம்ப்யூட்டருக்குள் ஒரு வேலை பெற்ற
இன்னொரு வேலை அந்தக் குழந்தை.
எங்கள் ஆட்கள் அப்படித்தான் எழுதுவோம்,
கூசாமல்.

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
உடனடிக் கடன், முடி வளர எண்ணெய்,
சீட்டாடிச் சம்பாதிக்க ஒரு வழி.
மார்த்தாவுக்கு நான் பதில் போடவில்லை.
அவளுக்குக் கோபமும் இல்லை.
அதே கண்ணீரோடு மறுவாரம்
கரோலினா என்ற பெயரில் வந்தாள்.

அதனால்தான்
கரீம்கஞ்சிலிருந்து அனிமா தாலுக்தார் எழுதியதையும்
அதே குப்பையில் தள்ளியிருக்கிறேன்.
மூன்றே வரி, வணக்கம்கூட இல்லை.
ஆறாம் பக்கம் தப்பு.
வங்காளத்தில் நான் எழுதுகிறேன்.
வேண்டுமா, வேண்டாமா?

பத்தொன்பது நாள் கழித்து, வேறெதையோ தேடும்போது
கண்ணில் பட்டது.
சந்தேகம் போகாமல் கேட்டேன்:
அந்தக் குழந்தை வரியை என்ன செய்வீர்கள்?

இரவே பதில் வந்தது.
"ஒரு வேலை நின்றுபோனால்
அதைக் கிளப்பிய வேலையை மறுபடி கிளப்பவும்
என்று எழுதிவிட்டேன்.
நான் ரத்தம் எடுப்பவள்.
எங்கள் லேபில் அந்தச் சொல்லைச்
சும்மா எழுதுவதில்லை.
பதிலுக்கு ஏன் இத்தனை நாள்?"

சுட்டி கேட்கவில்லை.
கடைசிக் கேள்விக்கு
வெயில், கரன்ட், காய்ச்சல் என்று
மூன்று பொய் அடித்து, மூன்றையும் அழித்தேன்.

ஆறாம் பக்கம் திறந்து கிடக்கிறது.
தேதியும் மாதமும் இடம் மாறி
இரண்டு வருடமாக.
தப்புதான்.